வாசனைத் துணி

தங்கை வாடகைக்கு எடுத்திருந்த வீட்டுக்கு நான் போய்ச் சேர்ந்தபோது மதியம் சாய்ந்துவிட்டது. கதவைத் திறந்தவர் அவள் கணவர். ‘வாங்க’ என்று சொல்வதற்கு முன்பே கையிலிருந்த வெள்ளை டப்பாவை என் முகத்துக்கு நேரே நீட்டினார். காற்றில் எவ்வளவு தூசு இருக்கிறது என்று காட்டும் கருவியாம். நான் உள்ளே வந்ததும் எண் ஏறிவிட்டதாம்.

இவருக்கு நான் வைத்திருக்கும் பெயர் மேதாவி. முகத்துக்கு நேரே சொல்வதில்லை. சொன்னால் பாராட்டு என்று நினைத்துக்கொள்வார்.

என் வேலை அப்படி. காப்பீட்டு நிறுவனத்தில், இழப்பீடு கேட்டு வருகிறவர்கள் சொல்வதில் எது புளுகு என்று கண்டுபிடிக்க வேண்டும். எரியாத கடை எரிந்தது என்பார்கள், உடையாத கால் உடைந்தது என்பார்கள். இதையெல்லாம் கேட்டுக் கேட்டு, மனிதர்களுக்கு மரியாதை கொடுப்பதை நான் எப்போதோ நிறுத்திவிட்டேன். அப்போதெல்லாம் வயதில் மூத்தவர்களைக்கூட மனசுக்குள் ஒருமையில்தான் பேசுவேன். பேயைப் பார்த்தேன் என்கிறவர்களை எந்த வரிசையில் உட்கார வைத்திருந்தேன் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

குழந்தைக்காகத்தான் போயிருந்தேன். அவசரக்குடுக்கை. நாள் வரும்வரை பொறுக்காமல், இவர்கள் இந்த வீட்டில் மூட்டைகளைப் பிரிப்பதற்குள் பிறந்துவிட்டாள். உள்ளங்கையில் அடங்குகிற உடம்பு. அதனால் எல்லோருக்கும் அவள் ‘குடுக்கை’ ஆகிவிட்டாள். கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தபோது அவளுக்கு ஒரு பொல்லாத வழக்கம் இருந்தது. மூச்சு விட மறந்துபோவாள். குறைமாதப் பிள்ளைகளுக்கு அப்படி ஆகுமாம். தூங்கிக்கொண்டே இருப்பாள், நெஞ்சு நின்றுவிடும், உதடு கறுக்கும். செவிலி ஓடி வந்து உள்ளங்காலில் விரலால் ஒரு சுண்டு சுண்டுவார். குழந்தை ஞாபகம் வந்து மறுபடியும் மூச்சை இழுப்பாள். கொஞ்ச நாளாக அந்த மறதி இல்லை. அதனால்தான் வீட்டுக்கு அனுப்பச் சம்மதித்திருந்தார்கள்.

அவளுக்கான அறையைத் தயார் செய்யத்தான் நான் வந்தேன். ஈரம் கூடாது, வெளிச்சம் கண்ணைக் குத்தக் கூடாது, எந்த வாசனையும் கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள்.

அது பின்னறை. அதன் ஒரே ஜன்னல் பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்ததால் பகலிலேயே இருட்டு. ஒரு சுவரலமாரி. புதுத் தொட்டில். மூலையில் ஒரு பழைய பிரம்பு நாற்காலி, உட்காரும் இடம் யாரோ இன்னும் உட்கார்ந்திருப்பது போலக் குழிந்திருந்தது.

வாசல்படியிலேயே வாசனை வந்தது. கிராம்பு. அதற்கு அடியில் புளித்த பால். மேதாவியிடம் சொன்னேன்.

“டப்பால ஒண்ணும் காட்டலையே அக்கா,” என்றார் மேதாவி.

“உங்க டப்பாக்கு மூக்கு இருக்கா மாப்ளே?”

அவர் எண்ணைக் குறித்துக்கொண்டு முன்னறைக்குப் போய்விட்டார். நான் கொண்டையை இறுக்கி முடிந்துகொண்டு வேலையைத் தொடங்கினேன். தரை, சுவர், அலமாரித் தட்டு, ஜன்னல் கம்பி, எதையும் விடவில்லை. சோப்புத் தண்ணீர் காய்ந்ததும் வாசனை திரும்பி வந்தது. மறுபடியும் தேய்த்தேன். மறுபடியும் வந்தது. நாற்காலிக்குப் பக்கத்தில்தான் கெட்டியாக இருந்தது. அதைச் சுவரைப் பார்க்கத் திருப்பிப் போட்டுவிட்டு வாளியில் தண்ணீர் பிடிக்கப் போனேன்.

திரும்பி வந்தபோது நாற்காலி தொட்டிலைப் பார்த்திருந்தது.

மேதாவியைத் திட்ட வாயெடுத்தேன். அவர் முன்னறையில், நான் விட்டுப்போன அதே இடத்தில், போனில் யாருக்கோ காற்றைப் பற்றிப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்காரர் கீழே குடியிருந்தார். வாயிலிருக்கும் பல்குச்சியை எடுக்காமலே பேசுகிற ஆள். கேட்காமல் விட்டால் எதையும் சொல்லமாட்டார் என்பது அந்த மூஞ்சியிலேயே எழுதியிருந்தது.

“முன்னாடி அங்க யார் இருந்தது?”

“ஒரு அம்மா. தனியா இருந்தாங்க. வேலைக்குப் போற பொம்பளைங்க கைக்குழந்தையக் கொண்டாந்து விட்டுட்டுப் போவாங்க. நல்லா பாத்துப்பாங்க.” பல்குச்சி இடமும் வலமும் நகர்ந்தது. “ஒரு நா மத்தியானம் நாற்காலிலயே கண் அசந்துட்டாங்க. எழுந்து பாத்தா மடில இருந்த பிள்ளைக்கு மூச்சு இல்ல.”

“அப்புறம்?”

“அப்புறம் யார் விடுவாங்க? அந்த அம்மா தூங்குறதையே விட்டுட்டாங்க. கண் அசரக் கூடாதுன்னு வாய்ல எப்பவும் கிராம்பு. பிள்ளையே இல்லாம நாற்காலில உட்காந்து காவல் காப்பாங்க. அப்படியேதான் போய்ச் சேந்தாங்க.”

“இதையெல்லாம் வாடகைக்கு விடும்போது சொல்லமாட்டீங்களா?”

“கேக்கலையே,” என்றார்.

மேலே ஏறி வந்தேன். எனக்குப் பயம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. உயிரோடு இருக்கிறவர்களையே நம்பாத நான், செத்தவளுக்கா பயப்படப் போகிறேன்? அறைக் கதவைச் சாத்திவிட்டு, நாற்காலிக்கு எதிரே இடுப்பில் கை வைத்து நின்றேன்.

“இந்தா. செத்தாச்சுன்னா போய்க்கிட்டே இருக்கணும். தூங்கித் தூங்கி ஒரு பிள்ளையக் கொன்னது பத்தலையா? இப்ப எங்க பிள்ளை கேக்குதா உனக்கு? போடி வெளிய.”

நாற்காலி முனகியது.

எடை ஒன்று எழுந்துகொள்ளும் முனகல்.

கிராம்பு வாசனை மெதுவாக என்னைத் தாண்டிப் போனது. சாத்தியிருந்த கதவு ஒரு சாண் திறந்தது. அதன் பிறகு அறையில் சோப்பைத் தவிர எந்த வாசனையும் இல்லை. ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும். உள்ளுக்குள் எனக்குப் பெருமையாக இருந்தது. சாயந்திரம் இறங்கும்போது படிக்கட்டுத் திருப்பத்தில் அந்த வாசனை ஒதுங்கி நின்றது, துரத்தப்பட்ட குடித்தனக்காரி சாமான்களோடு நிற்பதுபோல. மூக்கைப் பிடித்துக்கொண்டு கடந்து போனேன்.

மறுநாள் காலை ஆஸ்பத்திரியில் குழந்தையைக் கொடுத்தார்கள். செவிலி என் உள்ளங்கையில் சுண்டிக் காட்டினார். “அடிக்கக் கூடாது, தட்டக் கூடாது. கேரம் காய சுண்டுற மாதிரி. அவ்வளவுதான்.” டக் என்று சத்தம் கேட்டது. பிறகு, தலைமாட்டிலிருந்த ஒரு வெள்ளைத் துணியை மடித்துத் தங்கையிடம் நீட்டினார். “இத மட்டும் துவைச்சுடாதீங்க. அம்மா துணி கொண்டாங்கன்னு கேட்டோம், அம்மா வாசனை பழகட்டும்னு. இது வந்த நாள்லேருந்து பாப்பா மூச்ச மறக்கவே இல்ல.”

தங்கை அதை வாங்கிக்கொண்டாள். முகத்தில் சந்தோஷத்தைக் காணோம்.

“நான் தூக்கினா திமிர்றாக்கா,” என்று காரில் என் காதோடு சொன்னாள். “இந்தத் துணிய வெச்சாத்தான் அடங்குறா. எப்ப வாங்கின துணின்னுகூட எனக்கு ஞாபகம் இல்ல. என் வாசனைதானே ரெண்டும்? அப்புறம் ஏன்?”

“பிள்ளை பெத்தவளுக்குக் கேக்கத் தெரியாத கேள்வியே கிடையாது. சும்மா வாடி,” என்றேன்.

வாசலில் வீட்டுக்காரர் நின்றார். பார்வை குழந்தை மேல் போகவில்லை, என் கையிலிருந்த துணிக்குப் போனது. ஓரத்தில் நீல நூலால் தைத்த பழைய பருத்தி. முதல் தடவையாகப் பல்குச்சியை வாயிலிருந்து எடுத்தார்.

“அந்த அம்மா தோள்துணி ஆச்சே இது.”

தங்கைக்குக் கேட்கவில்லை, அவள் படியேறிவிட்டாள். நான் மேதாவியின் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

“இத எங்கேருந்து எடுத்தீங்க?”

“அலமாரிக் கொக்கியில தொங்குச்சு. அவ இன்னும் காய்ச்சல் மயக்கத்துல இருந்தா. நம்ம மூட்டை எதையும் பிரிக்கல. சிஸ்டர் அவசரமா கேட்டாங்க.” என் கையிலிருந்த துணியைத் தொட்டுப் பார்த்தார். “துணிதானே அக்கா?”

கேட்டது அம்மா துணி, போனதும் அம்மா துணிதான். எந்த அம்மா என்பதைக் கவனிக்க இந்த மகானுக்கு நேரமில்லை. காற்றைச் சலித்துச் சலித்துப் பார்க்கத் தெரிந்தவருக்கு, பெண்டாட்டி துணி எது என்று தெரியவில்லை. அந்த ஆளை அங்கேயே விட்டுவிட்டு மேலே ஓடினேன். துணியை மூக்கருகே கொண்டுபோனேன். கிராம்பு. புளித்த பால். அடுப்பில் தண்ணீரைக் கொதிக்க வைத்து, சோப்பைக் கொட்டி, கரண்டியால் அமுக்கி அமுக்கி வேக வைத்தேன். கடைசியில் அது வெறும் துணியாகிவிட்டது. பிழிந்து உதறினேன்.

பின்னறையிலிருந்து தங்கை கூப்பிட்டாள்.

“அக்கா.”

சத்தமாக இல்லை. அதனால்தான் ஓடினேன்.

குழந்தை அவள் மடியில் கிடந்தது. நெஞ்சு அசையவில்லை. தங்கை பாதத்தைச் சுண்டினாள். டக். ஒன்றுமில்லை. மறுபடி சுண்டினாள். மேதாவி ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டுக்கொண்டே, டப்பா எங்கே என்று தேடினார். இந்த நேரத்திலும் டப்பா. நான் குழந்தையை வாங்கி, செவிலி காட்டியபடி, கேரம் காயைச் சுண்டுவதுபோல உள்ளங்காலில் சுண்டினேன்.

உதடு நீலமாகிக்கொண்டிருந்தது.

அறையில் எந்த வாசனையும் இல்லை. கழுவித் துடைத்து நானே விரட்டியிருந்தேன். இந்தக் குழந்தைக்கு மூச்சை ஞாபகப்படுத்தியது யார் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவளை என் வாயாலேயே படிக்கட்டுக்கு அனுப்பியிருந்தேன்.

குழந்தையைத் தங்கையிடம் கொடுத்துவிட்டுக் கதவை விரியத் திறந்தேன்.

“வா,” என்றேன்.

படிக்கட்டில் வாசனை நின்றது. நகரவில்லை.

“சரி, தெரியாம சொல்லிட்டேன். வான்னா வா!”

நகரவில்லை.

பின்னால் தங்கை அழக்கூட முடியாமல் டக், டக் என்று சுண்டிக்கொண்டிருந்தாள். யாருக்கும் வணங்காத என் கழுத்து, அந்த இருட்டுப் படிக்கட்டின் முன்னால் தானாகத் தாழ்ந்தது. குரல் கிசுகிசுப்பாகத்தான் வந்தது.

“வாங்கம்மா. உள்ள வாங்க.”

கிராம்பு வாசனை என் தோளை உரசிக்கொண்டு உள்ளே போனது.

நாற்காலி முனகியது.

தங்கையின் இரண்டு கைகளும் குழந்தையின் தலையைத் தாங்கியிருந்தன. பாதத்தின் அருகே யாரும் இல்லை.

டக்.

குட்டிக் கால் வெட்டி இழுத்தது. குழந்தை ஒரு மூச்சு இழுத்தாள், இன்னொன்று இழுத்தாள், வீடே அதிர அழுதாள். நானும் அழுதேன். மேதாவி டப்பாவோடு வந்து, “இப்ப காத்து ஓகே,” என்றார்.

ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். டாக்டர் முழுக்கச் சோதித்துவிட்டு, “சில சமயம் இப்படி ஆகும்,” என்றார். தெரியாது என்பதை டாக்டர்கள் அப்படித்தான் சொல்வார்கள். இன்னும் சில நாள் வைத்துப் பார்த்து அனுப்பினார்கள். அப்புறம் மறதி வரவே இல்லை. குடுக்கை தேறினாள், கன்னத்தில் சதை வைத்தது. ஒரு நாள் முதன்முதலாகச் சிரித்தாள். தங்கை குனிந்து பார்த்தாள். சிரிப்பு அவளைத் தாண்டி, காலியான பிரம்பு நாற்காலிக்குப் போய்க்கொண்டிருந்தது.

“நம்மளப் பாத்துச் சிரிக்கல, இல்லக்கா?” என்றாள்.

“இந்த வயசுல பிள்ளைங்க சும்மாவே சிரிக்கும்டி.” பிறத்தியார் பொய்யைப் பிடிக்கிற எனக்கு, அதைவிட நல்ல பொய் கிடைக்கவில்லை. அவள் நம்பவும் இல்லை.

வேறு வீடு பார்த்துப் போய்விட்டார்கள். வெளிச்சமான வீடு, நகரத்தின் மறுகோடியில். நாற்காலியை அங்கேயே விட்டோம். அந்தத் துணியை நானே எரித்தேன். குழந்தை மெல்ல மெல்லத் தங்கையின் தோளில் அடங்கக் கற்றுக்கொண்டாள். அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு ஒழுங்காகச் சோறு இறங்கியது.

போன வாரம் விடுமுறையில் போயிருந்தேன். மத்தியானம் தங்கை குளிக்கப் போனாள். “கொஞ்சம் பாத்துக்கக்கா,” என்றாள். “இதெல்லாம் ஒரு வேலையாடி, போ,” என்றேன். குடுக்கை பாயில் தூங்கினாள். நான் பக்கத்தில் காலை நீட்டிச் சுவரில் சாய்ந்தேன். ஜன்னல் வெயில் இதமாக இருந்தது. இமை மெல்லச் சொருகியது.

டக்.

என் உள்ளங்காலில்.

துள்ளி நிமிர்ந்தேன். குழந்தை சீராக மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. வேறு யாரும் இல்லை. கிராம்பு வாசனை மட்டும் என் முகத்துக்கு மிக அருகில், குனிந்து பார்ப்பதுபோல, நின்றது.

“தூங்கலைங்க,” என்றேன்.