கடைசி வாளி

நகல் மூலத்தைவிடப் பெரிதாக இருந்தது.

வித்தியாசம் கொஞ்சம்தான். ஆனால் நகல் என்றால் நகல். ஒரு துளிகூட மிஞ்சக் கூடாது. அவை அவசர உதவி எண்ணுக்கு வந்த அழைப்புகளின் பழைய ஒலிப்பதிவுகள். அவற்றை வயிற்றில் வைத்திருந்த கிழட்டு இயந்திரத்துக்குப் பாஸ்கல் என்ற பழைய நிரல்மொழி தவிர வேறு மொழி தெரியாது, ஒலிக்கவும் தெரியாது. புதிய கணினிக்கு மாற்றினால்தான் காதால் கேட்கலாம். அந்த வேலைக்குத்தான் அவன் ஒப்பந்தத்தில் வந்திருந்தான்.

ஜன்னல் இல்லாத அறை. வெளியே பட்டப்பகல் என்பதைக் கடிகாரம் சொல்லித்தான் நம்ப வேண்டும். சூடேறிய தூசியின் வாடை, ஒரே சுருதியில் முனகும் மின்விசிறி, அதன் காற்றில் அசையும் கேபிள்கள் சுவரில் போட்ட கொடிபோன்ற நிழல்கள்.

அவன் மனைவிக்கு மூச்சிரைப்பு. பத்து வருடங்களுக்கு முன் வீட்டில் தனியாக இருந்தபோது இழுப்பு வந்து, இந்த எண்ணைத்தான் கூப்பிட்டாள். வண்டி வரவில்லை. அப்படி ஓர் அழைப்பே வரவில்லை என்று கையை விரித்துவிட்டார்கள். வீட்டில் அவள் படங்கள் இருந்தன. குரல் எங்கும் இல்லை. இருந்தால் இங்கேதான்.

வேலையில் சேர்ந்த அன்று பிரிவின் தலைவர் வந்தார். முதுகுக்குப் பின்னால் எல்லோரும் அவரை வெண்கலத் தொண்டை என்பார்கள். அவர் தும்மினால் அடுத்த மாடியில் ஆசி சொல்வார்கள்.

"எல்லாத்தையும் எடுத்துடு தம்பி. இந்த ஒரு தேதிய மட்டும் விட்டுடு. கெட்டுப்போன ஃபைல். முடிஞ்சதும் பழைய டிஸ்க்கத் துடைச்சுடலாம்."

அவள் இறந்த தேதி.

"சரி சார்" என்றான். தான் யாரென்று சொல்லவில்லை. அந்தக் கோப்பை வரிசையின் கடைசியில் வைத்தான்.

இப்போது மச்சினி போனில் கூப்பிட்டாள்.

"அத்தான், கிடைச்சுதா?"

"இன்னும் அது வரல. ஆமை மாதிரி ஊர்ந்துச்சு. வேகமா எடுக்க வேற மாதிரி எழுதினேன். இப்ப வால் முளைச்சிருக்கு."

"ஆமைக்கா, உங்களுக்கா?" சிரித்தாள். பிறகு குரல் இறங்கியது. "அக்கா குரல் எனக்கு மறந்துட்டு வருது அத்தான்."

"எனக்கும்."

வைத்துவிட்டான்.

வால் ஏன் முளைத்தது என்று அவனுக்குத் தெரியும். எழுத்தெழுத்தாக எடுத்தால் கரண்டியால் கிணறு இறைக்கிற கதை. அதனால் நினைவகத்தில் ஒரு பெரிய வாளியை ஒதுக்கி, மொண்டு மொண்டு ஊற்றும்படி எழுதியிருந்தான். கடைசி முறை வாளி பாதிதான் நிரம்பும். எவ்வளவு மொண்டோம் என்று பார்க்காமல் முழுவதையும் கவிழ்த்தால், அடியில் கிடக்கும் பழைய மிச்சமும் சேர்ந்து விழும். கற்றுக்குட்டி செய்கிற தப்பு. அவசரத்தில் அவனும் செய்திருந்தான்.

மிச்சம் எப்படி இருக்கிறது என்று பார்க்கத்தான் ஹெட்போனைக் காதில் மாட்டினான். யாரோ கிழவர் தடுக்கி விழுந்ததைச் சொல்லி முடித்தார். பிறகு, தொலைவில் குழந்தை ஊதல் ஊதுவதுபோல், மெல்லிய, ஈரமான, ஏறி ஏறி இறங்க மறுக்கும் ஒரு சத்தம்.

எத்தனையோ இரவுகள் அந்தச் சத்தத்துக்குப் பக்கத்தில் விழித்துப் படுத்திருக்கிறான்.

மிச்சமாக இருக்கலாம் என்றது அறிவு. ஆனால் அவள் கோப்பு இன்னும் மொள்ளப்படவே இல்லை. மொள்ளாத தண்ணீருக்கு ஏது மிச்சம்?

நிரலைத் திருத்தினான். மொண்ட அளவு மட்டும் ஊற்று. ஒவ்வொரு முறையும் வாளியைக் கழுவு. மறுபடி ஓட்டினான். நகலும் மூலமும் சரிசமம். வால் இல்லை.

கேட்டான். கிழவர் முடிக்கவில்லை. பாதிப் பேச்சில் அவரை அழுத்திக்கொண்டு அந்த ஊதல்.

அடுத்த கோப்பு. ஒரு பெண் தீ என்று கத்தினாள். அந்தக் கத்தலின் மேல் ஏறி மனைவியின் குரல்: "ஹலோ... மூச்சு... முடியல..."

அடுத்தது. வெண்கலத் தொண்டை. இளமையாக இருந்தாலும் அதே கணீர். "சும்மா பயப்படாதம்மா. ஜன்னலத் திறந்து வெச்சுட்டுப் படு. இதுக்கெல்லாம் வண்டி கேட்டா எப்படி?" பக்கத்தில் யாரோ சிரித்தார்கள். கண்ணாடித் தம்ளர் மேசையில் உட்காரும் சத்தம்.

அடுத்தது. மூச்சிரைப்பு இல்லை. வீட்டில் அவள் காய்கறி வாங்கிவரச் சொல்கிற அதே குரல்.

"அந்த ஆள இங்க வரச் சொல்லுங்க."

அவன் தொலைபேசியை எடுத்தான்.

"சார், ஒரு ஃபைல்ல உங்க குரல் இருக்கு."

கதவைத் தள்ளிக்கொண்டு தலைவர் வந்தார். "எதடா கேட்ட? விடச் சொன்னத ஏன் தொட்ட?"

"நான் தொடல சார்."

திரையில் அவள் தேதி. வரிசை தானாகவே அங்கே வந்திருந்தது. நகல் ஓடிக்கொண்டிருந்தது. மூலத்தில் ஒவ்வொரு பகுதியும் மொண்டவுடன் வெறுமையாவதையும் திரை காட்டியது. அப்படி அவன் எழுதவில்லை.

தலைவர் ஹெட்போனைப் பிடுங்கி மாட்டிக்கொண்டார். நாற்காலியில் உட்கார்ந்தார். வாயைத் திறந்தார்.

ஊதல் வந்தது. அவர் வாயிலிருந்து.

கழுத்துக்குழி உள்ளே இழுத்தது. இன்னும் உள்ளே. ஹெட்போனைக் கழற்றப் போன கை பாதியில் நின்றது. கண்கள் அவனைப் பார்த்தன. விசைப்பலகையைப் பார்த்தன. நிறுத்து.

ஒரு விசை போதும். நிறுத்தினால் நகல் அறுந்துபோகும். மூலத்தில் பாதி ஏற்கெனவே இல்லை. அவள் குரல் இரண்டு பக்கமும் போய்விடும்.

விசையின் மேல் விரல் இருந்தது. அடியில் பிளாஸ்டிக் வெதுவெதுப்பு.

விரலை எடுத்தான்.

உதடுகள் நீலமாயின. ஊதல் மெலிந்தது. நின்றது. மார்பு ஏறவில்லை. ஆனால் கண்கள் மூடவில்லை. மெல்லத் திரும்பின. அவனைக் கண்டுகொண்டன. அவரிடம் அந்தப் பார்வை கிடையாது.

தடித்த, மயிரடர்ந்த கை ஒன்று எழுந்தது. அவன் கழுத்துக்கு வந்தது. மடங்கியிருந்த சட்டைக் காலரை விரல் நுனியால் நீவி, நேராக்கி, அப்படியே கன்னத்தில் தங்கியது.

குளிர்ந்திருந்தது. அவன் நகரவில்லை.

"இளைச்சுட்டீங்க" என்றாள், அந்த நீல உதடுகளால்.