சுவரில் பதித்த தாய்

நேற்றிலிருந்து குழந்தை பால் குடிக்கவில்லை. பசித்து அழவும் இல்லை. ஒர்சோலாவுக்குப் பால் கட்டிக்கொண்டு மார்பு வலித்தது. தொட்டிலில் கிடந்த சில்வியாவின் உதட்டோரம் வெள்ளையாக ஏதோ ஒட்டியிருக்கவே துடைத்துப் பார்த்தாள். பாலில்லை, பொடி. நாக்கில் வைத்ததும் சுண்ணாம்பு சுரீரென்றது.

அவள் புருஷன் தீபேரியோ ரோமில் சுண்ணாம்புக் காளவாய் வைத்திருந்தான். மண்ணுக்குள்ளிருந்து கிடைக்கும் பழைய பளிங்குச் சிலைகளில் அழகான துண்டைச் சுவரில் பதிப்பார்கள். மிச்சத்தைச் சுட்டுச் சுண்ணாம்பாக்கிவிடுவார்கள். போன வாரம் திராட்சைத் தோட்டத்தில், மடியில் பிள்ளையோடு ஒரு தாய் கிடைத்தாள். அவளுக்குப் பாதி முகந்தான் இருந்தது. ஆனாலும் நல்ல வேலைப்பாடு என்று தொட்டிலுக்கு மேலே பதித்துவிட்டான். பிள்ளைக்குத் தலையில்லை. அதை மட்டும் பெயர்த்தெடுத்துக் காளவாயில் போட்டான். அந்தச் சுண்ணாம்பில்தான் இந்த அறைக்கு வெள்ளையடித்தான்.

"ஏங்க, அந்தப் பொம்பளைய வேற எங்கயாவது மாத்திடுங்க. அந்த ஒத்தக் கண்ணு என் பிள்ளை மேலயே இருக்கு."

"கார்டினால் சாமியார் வீட்டுலகூட இப்படி ஒண்ணு கெடையாதுடி. கல்லோட உனக்கென்ன சக்களத்திச் சண்டை?"

"அதுக்கிட்டருந்து பிள்ளையப் பிரிச்சிட்டீங்களே. எனக்கு மனசே சரியில்ல."

"தலையில்லாத பிள்ளைய வச்சுக்கிட்டு அது கொஞ்சவா போவுது? போய்ப் படு." சிரித்துக்கொண்டே காளவாய்க்குப் போய்விட்டான்.

ஆகஸ்ட் மத்தியானம். சாத்திய ஜன்னலுக்கு வெளியே சில்வண்டுகள் ஓயாமல் இரைந்தன; ஈரச் சுண்ணாம்பின் நெடியோடு பால் கவிச்சியும் சேர்ந்து அறைக்குள் தேங்கி நின்றது; சிலையின் மடியில் பிள்ளையைப் பெயர்த்த இடம் மட்டும் இருட்டில் பள்ளமாகத் தெரிந்தது. தொட்டிலின் விளிம்பைப் பிடித்தபடியே அவளுக்குக் கண் சொருகியது.

வண்டுச் சத்தம் நின்றபோதுதான் விழித்தாள்.

வேறொரு சத்தம். சப். சப். குழந்தை பால் குடிக்கும் சத்தம்.

மேலிருந்து வந்தது.

தொட்டில் காலி.

நிமிர்ந்தாள். சிலையின் மடியில் பள்ளம் இல்லை. ஒரு பிள்ளை. தலையுள்ள பிள்ளை. வெள்ளைவெளேரென்று, பளிங்கு மார்பில் முகம் புதைத்து. கண் படாமலிருக்க ஒர்சோலா தன் பிள்ளையின் மணிக்கட்டில் கட்டிய பவளம் மட்டும் சிவப்பாக.

தாயின் பாதி முகம் அதன்மேல் குனிந்திருந்தது.

"சில்வியா! என் கண்ணே!"

பிடித்து இழுத்தாள். கல். நகம் பிய்ந்தது. மறுபடி இழுத்தாள். அவள் மார்பிலிருந்து பால் பீறிட்டுச் சட்டையை நனைத்தது.

பாதம் மட்டும் இன்னும் சூடாக இருந்தது. அவள் குரலைக் கேட்டு, சின்னக் கட்டைவிரல் ஒருமுறை மடங்கியது.

பிறகு அதுவும் வெளுத்தது.