சாட்சி நிலம்

தண்ணீர்ப் பானையோடு திரும்பிய தலாத்தோ அப்படியே நின்றுவிட்டாள். அவர்கள் நிலத்தின் மேற்கு ஓரத்தில், வெடித்து வெளுத்துக் கிடந்த தரையில் ஒருவன் குப்புறப் படுத்திருந்தான். ஏப்ரல் வெயில்... மயங்கிவிட்டானோ?

கிட்டே போனாள். கண்ணில் கேமரா.

“யாரது, எங்க மண்ணு மேல?”

எழுந்தான். முகமெல்லாம் புழுதி. அதற்குள் இரண்டு கண்கள் மட்டும், இப்போதுதான் மழை பெய்து ஓய்ந்ததுபோல...

“லசினா பாரே. சமோ இனம். தூகான் பக்கம். ஊவாஹிகூயா உழவர் விழாவுக்குப் படம் எடுக்கறேன்.”

சமோவா... அவளுக்கு உயிர் வந்தது. அந்நியரிடம் தலாத்தோவுக்கு வாயே திறக்காது. ஆனால் அவளுடைய மோசி இனமும் சமோவும் கேலி உறவு. பார்த்த கணமே ஒருவரை ஒருவர் வாரவேண்டும், யாரும் கோபிக்கக் கூடாது. ராகிரே என்பார்கள். கூச்சக்காரிக்கு இதைவிட நல்ல வழக்கம் உண்டா?

“அப்போ முதல்ல எங்க நாயைக் கட்டணும். சமோக்காரன் கண்ணுல பட்டா அது குழம்புதான்.”

“நாய் கிடக்கட்டும். எங்க வீட்டு அடிமை ஒருத்தி தப்பிச்சு வந்து இங்க ஒளிஞ்சிருக்காளாம். நீதானா அது?”

“அடிமை தண்ணி குடுத்தாத்தான் குடிப்பேன்னா, தாகத்துலயே சாவு.”

சொல்லிவிட்டுக் குடுவையில் தண்ணீர் ஊற்றி நீட்டினாள். குடுவை விளிம்புக்கு மேலே அந்தக் கண்கள் அவளைப் பார்த்தன. அவள் தரையைப் பார்த்தாள்.

“இது உங்க நிலமா?”

“ஆமா. எங்க நிலம்தான்.”

நிமிர்ந்துதான் சொன்னாள். மேலே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மேட்டுக்கு அந்தப் பக்கம் விதைப்புக்காக அப்பா வெட்டிய குழிகளைக் காட்டியிருக்கலாம். முடியவில்லை... அவன் மொபெட்டின் புழுதி அடங்கும்வரை நின்றுகொண்டே இருந்தாள்.

செப்டம்பரில் விழா. மூன்று நாள். அப்பா ரஸ்மானே வெளுத்த அங்கி போட்டுக்கொண்டு வந்தார். அவர்கள் நிலத்தின் படம் மாட்டியிருக்கிறதாம்.

மாட்டித்தான் இருந்தது. வெடித்த தரை. கீழே கொட்டை எழுத்தில், ‘ரஸ்மானேயின் நிலம். செத்த மண்.’

யாரோ அதை உரக்கப் படித்தார்கள். பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் சிரித்தார். “இருபது வருஷம் குழி வெட்டினது இதுக்குத்தானாப்பா?”

அப்பா அங்கியின் கையை மடக்கினார், பிரித்தார், மறுபடி மடக்கினார்.

லசினா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான், முகமெல்லாம் சிரிப்பு. “வந்துட்டாளா எங்க அடிமை?”

“இன்னிக்கு ராகிரே கிடையாது,” என்றாள் தலாத்தோ. “நீங்க எடுத்தது எங்க சாட்சி நிலம். முன்னாடி எல்லாமே அப்படித்தான் கிடந்துது. அதை மட்டும் அப்பா தொடாம விட்டு வெச்சிருக்கார், எங்கேர்ந்து ஆரம்பிச்சோம்னு மறக்கக்கூடாதுன்னு. மேடேறி ஒரு தடவ எட்டிப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும்.”

அவன் முகத்தில் சிரிப்பு செத்துப்போனது.

மறுநாள் காலையில் நிலத்தோரம் மொபெட் சத்தம். லசினா நேராக அப்பாவின் முன் வந்து குந்தினான்.

“தப்புப் பண்ணிட்டேங்க. மன்னிக்கணும்.”

அப்பா அவனை ஏற இறங்கப் பார்த்தார். “நாய்த் தலைக்கு அலையறவன் படம் எடுத்தா வேற எப்படி இருக்கும்? எழுந்திருடா. சமோ மன்னிப்புக் கேட்டா மோசி மறுக்க முடியாது. வழக்கம் அப்படி.”

“வழக்கம் மன்னிக்கும்,” என்றாள் தலாத்தோ. “நான் மன்னிக்கல.”

அவன் மேடேறிப் போனான். அங்கேயே நின்றுவிட்டான்.

கம்பு. அவன் தலைக்கு மேலே கம்பு, கதிர் கதிராக, அடிவானம்வரை. குழிக்கு ஒரு தூர்.

மழை பிடித்துக்கொண்டது. சட்டையைக் கழற்றிக் கேமராவைச் சுற்றினான், தான் நனைந்தான். ஓயும்வரை அசையவில்லை. ஓய்ந்ததும் அப்பாவைக் கூப்பிட்டு நடுவில் நிறுத்தினான். இடப்பக்கம் வெடித்த தரை, வலப்பக்கம் கம்பு. மண்டியிட்டு எடுத்தான்.

அந்த முதுகைப் பார்த்துக்கொண்டே இருந்தாள் தலாத்தோ. கோபம் எங்கே போயிற்று? தேடினாள்... கிடைக்கவில்லை.

“கீழ எழுத எங்கிட்ட வார்த்தை இல்ல,” என்றான் திரும்பாமலே. “நேத்து திட்டினப்போகூட நீ கவிதையாத்தான் பேசினே. நீ எழுதித் தர்றியா?”

மூன்றாம் நாள் புதிய படத்தின் முன்னால் கூட்டம் நெரிந்தது. கீழே அவள் கையெழுத்து. அப்பாவுக்குப் படிக்கத் தெரியாது.

“நீயே சொல்லும்மா. எல்லாருக்கும் கேக்கட்டும்.”

இத்தனை பேர் முன்னாலா... கைகளை முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டாள்.

“செத்துவிட்டது என்றார்கள்.
அப்பா மண்ணின் மார்பில் காது வைத்தார்.
கோடையில் குழி, குழிக்கு ஒரு பிடி எரு.
கரையான் வந்து கதவு திறந்தது.
மழை உள்ளே வந்து உட்கார்ந்தது.
இப்போது நாங்கள்
அண்ணாந்து பார்க்கிறோம்
எங்கள் நிலத்தை.”

நேற்று முன்தினம் சிரித்தவர் தொப்பியைக் கழற்றினார். “அடுத்த கோடையில எங்க நிலத்துக்கும் வந்து குழி அளவைக் காட்டணும், ரஸ்மானே.”

“வர்றேன்,” என்றார் அப்பா. பிறகு, யாரும் கேட்காமலே, “என் பொண்ணு,” என்றார்.

கூட்டம் அவரைச் சுற்றிக்கொண்டது. லசினா மெல்ல அவள் பக்கம் வந்தான்.

“ஒண்ணு சொல்லணும். விளையாட்டு இல்ல... ஏப்ரல்லேர்ந்து எந்தப் படமும் சரியா விழல எனக்கு. கேமராக் கண்ணாடிக்குள்ள பாத்தா நீதான் தெரியறே.”

“சமோக்காரன் விளையாடாம பேசினா யாரு நம்புவா?”

அந்தக் கண்கள் இறைஞ்சின. பாவமாக இருந்தது அவளுக்கு.

“நான் நம்பறேன்,” என்றாள் மிக மெதுவாக. “எனக்கும் உன்னைப் பிடிச்சிருக்கு... அன்னிக்கே. ஆனா அப்பாகிட்ட நீதான் கேக்கணும். திட்டுவார். மூணு நாள் விடாம திட்டுவார். பொறுத்துக்கோ.”

“மூணு நாள்தானே?”

“அதுக்கப்புறம் நான் இருக்கேனே.”