வெண்டலின் விலை

மூன்று சென்ட்டில் கிடந்த வெண்டலின் விலை பதினொன்றுக்கு ஏறியிருந்தது. கொரின் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கைபேசியை மறுபடி பார்த்தாள். பதினொன்றுதான்.

முகமூடி போட்டுப் பாடும் டிவி போட்டியில் முயல் வேஷத்துக்குள் இருக்கும் பிரபலம் யார் என்பது பந்தயம். அந்தச் சந்தையில் ஒவ்வொரு பெயருக்கும் ஒரு விலை. பெயர் சரியென்றால் நூறு சென்ட், தப்பென்றால் ஒன்றுமில்லை. பழைய தொடர் நடிகன் வெண்டல் ஹாலோரனின் பெயரை எவனோ வேலையற்றவன் சேர்த்திருந்தான். கொரின், பர்பாங்க் ஊரில் இருந்த தன் வீட்டை அடமானம் வைத்து, முயல் அவன் இல்லை என்ற பக்கம் பணம் முழுவதையும் போட்டாள். மனைவியைவிட யாருக்கு நிச்சயமாகத் தெரியும்? மாடிப்படியில் உருண்டு விழுந்து அவன் கூப்பிட்டபோது, குரல் அடங்கும்வரை சமையலறையில் உட்கார்ந்திருந்தவள் அவள்தான். எலுமிச்சை மரத்தடியில் புதைத்தவளும் அவள்தான். ஊருக்கு அவன் படுத்த படுக்கை. பழைய தொடர்களுக்காக அவன் பெயரில் காசோலை மட்டும் ஒழுங்காக வந்துகொண்டிருந்தது.

அவனுடைய பழைய ஏஜென்ட் மோர்ட்டி போன் செய்தார்.

"என்னம்மா கொரின், படுத்த படுக்கைன்னு சொல்லிட்டு முயல் வேஷம் கட்டி ஆட விட்டிருக்க?"

"உளறாதீங்க மோர்ட்டி. அவரால எழுந்து உட்காரவே முடியாது."

"யாருகிட்ட கதை விடுற? பாட்டு நடுவுல தொண்டையச் செருமுறது கூட அவனேதான். என் கமிஷன மட்டும் முழுங்கிடாத."

வேஷத்துக்குள் யார் என்று ஊகிக்க, பாட்டுக்கு முன்னால் ஒரு துப்புப் படம் காட்டுவார்கள். அந்த வாரம் முயல் மேஜைமேல் ஓர் எலுமிச்சம்பழத்தை வைத்தது. அடுத்த வாரம் ஒரு மண்வெட்டி, பிடியில் நீலப் பட்டை சுற்றியது. அந்தப் பட்டையைச் சுற்றியவள் கொரின். தோட்டக் கொட்டகைக்கு ஓடினாள். மண்வெட்டி அங்கேயே இருந்தது. அதில் மண் ஈரமாக ஒட்டியிருந்தது. மரத்தடி கலையவே இல்லை. அதைப் பார்த்துத்தான் அவளுக்கு அதிகம் பயமாக இருந்தது.

விலை அறுபதைத் தாண்டியது. பந்தயத்தை இப்போது விற்றுக் கைகழுவினால் கொஞ்சமாவது மிஞ்சும். ஆனால் அது, அவன் வெளியே வந்துவிட்டான் என்று அவளே ஒப்புக்கொள்வது. அவள் கைகழுவவில்லை.

கடைசி வாரம், இருட்டுவதற்கு முன்பே எல்லாக் கதவுகளையும் தாழிட்டாள். குளிர் விடவில்லை. அன்று மதியம் வாங்கிய பச்சை ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு சோபாவில் உட்கார்ந்தாள். எல்லாம் கோடையிலேயே எடுத்து முடித்த படம், பயப்பட என்ன இருக்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கூடத்தில் ஈரமண் வாடை. கசக்கிய எலுமிச்சை இலை வாடை.

துப்புப் படம் ஓடியது.

ஒரு கூடம். ஒரு சோபா. முதுகு காட்டி உட்கார்ந்திருக்கும் ஒரு பெண். அவளுக்கு எதிரே டிவி.

பச்சை ஸ்வெட்டர். பின்கழுத்தில், பிய்க்க மறந்த விலைச்சீட்டு.

கொரினின் கை மெல்லப் பின்கழுத்துக்குப் போனது. சீட்டு விரலில் பட்டது. திரையில் அந்தப் பெண்ணின் கையும் போனது.

மடியில் கைபேசி அதிர்ந்தது. தொண்ணூற்றொன்பது.

பின்னால் யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

திரையில், மண் அப்பிய வெள்ளை முயல் கை ஒன்று நீண்டு, அந்தப் பெண்ணின் விரல்களை மூடியது.