முப்பது மூச்சு

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்குப் புதுக்கரைக் குடும்பங்கள் தங்கள் வலது கைகளைப் பையில் போட்டு வாசலில் வைத்துவிடும். சுமப்பான் என்கிற சக்கர இயந்திரம் வீடு வீடாக வந்து பைகளை எடுத்துக்கொண்டு மன்றத்துக்குப் போகும்.

பயப்பட வேண்டாம். அசல் கை அவரவர் தோளில்தான் இருந்தது. பையில் போனது பிரதிக்கை. ரேகை, சூடு, லேசான வியர்வை எல்லாம் பிசகாமல் வார்த்தெடுத்த ரப்பர் கை. மன்றத்தில் முப்பது கைகளை வரிசையாக ஆணியில் மாட்டி, ஒவ்வொன்றையும் வருகைப் பலகையில் ஒரு அழுத்து அழுத்தினால் கூட்டம் நடந்ததாக அர்த்தம். கைகளின் சொந்தக்காரர்கள் அந்நேரம் வீட்டில் இரண்டாவது காபி குடித்துக்கொண்டிருப்பார்கள்.

செவ்வாயில் ஒரு கண்ணாடிக் குமிழுக்குள் நானூற்றுப் பன்னிரண்டு பேர் வாழும் ஊர் அது. அதிகாரி என்று ஒருவரும் கிடையாது. 'மக்களே வகுப்பர், மக்களே நடத்துவர்' என்று மன்றத்து முகப்பில் பெரிதாகப் பொறித்திருக்கும். எவ்வளவு காற்று, எத்தனை மணிக்குத் தண்ணீர், பள்ளியில் என்ன பாடம் என்று சகலமும் மன்றத்தில்தான் முடிவாகும். முன்பு ஒரு காலத்தில் அதிகாரி ஒருவர் தன்னிஷ்டத்துக்கு வெளிக்கதவைத் திறந்து பதினோரு பேர் செத்துப்போனார்கள். அதிலிருந்து, முப்பது பேர் கூடித் தீர்மானிக்காமல் எந்தக் கதவும் திறக்கக் கூடாது என்று விதி. கதவில் இருந்த கைப்பிடியையும் மக்களே தீர்மானம் போட்டுக் கழற்றிவிட்டார்கள். கதவையும் கூட்டத்தையும் வாயிலோன் என்ற இயந்திரம் பார்த்துக்கொள்கிறது. அது சிபாரிசுக்கு மசியாது. ஊரில் அந்தக் குறை ஒன்று உண்டு.

இன்னொரு விதி, முடிவெடுப்பவரே செய்தும் முடிக்க வேண்டும் என்பது. தீர்மானம் எதுவானாலும் முடிவில் ஒரு குலுக்கல் நடக்கும். யார் பெயர் விழுகிறதோ அவர் அடுத்த வெளிவேலைக்குப் போக வேண்டும். ஆள் நேரில் இல்லையென்றால் மறுகுலுக்கல். இந்த விதி வந்த மறு வாரமே ஊருக்குள் பிரதிக்கை வந்தது என்றால் ஏன் என்று தனியாகச் சொல்ல வேண்டுமா?

ரப்பர் கை வெளியே போய்க் குழாய் மாற்றாது. குலுக்கல் சுற்றிச் சுற்றி, நிஜமாகவே மன்றத்தில் உட்கார்ந்திருந்த பதிவாளர் தமயந்தி மேலேயே வந்து விழுந்தது. இரண்டு வருஷத்தில் பதினோரு தடவை வெளியே போய்வந்தாள். ஒவ்வொரு முறையும் அவள் திரும்பி வரும்போது அவள் கணவன் சற்குணம் முப்பது கைகளையும் பலகையில் அழுத்திக் கதவைத் திறக்கவைப்பான். திருட்டுத்தனம்தான். ஆனால் கதவு திறந்தது.

பன்னிரண்டாவது முறைக்கு முன் தமயந்திக்குப் பொறுக்கவில்லை. இனி கை எண்ண வேண்டாம், மன்றத்தில் மூச்சை எண்ணுவோம் என்று தீர்மானம் கொண்டுவந்தாள். ஆணியில் தொங்கிய முப்பது ரப்பர் கைகள் அதை ஒருமனதாக நிறைவேற்றின.

அடுத்த வெள்ளிக்கிழமை வடக்குத் தூசிவடிகட்டி அடைத்துக்கொண்டது. வீடுகளில் காற்று ஈயம்போலக் கனத்தது. வேறு வழியில்லாமல் முப்பத்துநான்கு பேர் உடம்போடு வந்து உட்கார்ந்தார்கள். வெளியே ஆள் அனுப்பத் தீர்மானம் நிறைவேறியது. குலுக்கலில் தமயந்தி பெயரே விழுந்தது. மற்ற முப்பத்துமூன்று பேரும் விட்ட பெருமூச்சில் மூச்சுமானியே ஒரு கணம் தடுமாறியதாகப் பேச்சு.

"அரை மணியில வந்துடுவா. அதுக்குள்ள நான் குழம்பைக் கூட்டி வச்சுட்டு ஓடி வந்துடறேன்" என்றாள் முன்வரிசைப் பூமாதேவி. அவள் எழுந்ததும் வரிசையே எழுந்தது.

தமயந்தியின் உடையில் அறுபது நிமிஷக் காற்று. நாற்பதாவது நிமிஷம் வேலையை முடித்துவிட்டு அவள் வெளிக்கதவுக்கும் உள்கதவுக்கும் நடுவிலிருந்த இடையறைக்குள் வந்து நின்றாள். வெளிக்கதவு அவளுக்குப் பின்னால் சாத்திக்கொண்டது. உள்கதவு திறந்தால்தான் அறைக்குள் காற்று வரும்.

"மன்றத்தில் மூச்சு ஒன்று. தீர்மானத்துக்கு முப்பது வேண்டும்" என்றது வாயிலோன்.

அந்த ஒன்று சற்குணம். அழைப்பு மணியை அடித்தான். எல்லா வீட்டுச் சுவரிலும் மன்றத்தின் காட்சியும் ஓசையும் எண்ணிக்கையும் வந்தன. மணிக்குப் பதினாறு பேர் வந்தார்கள். மீதிக்கு அவன் தெருத்தெருவாக ஓடினான்.

முதல் கதவு பூமாதேவி.

"அக்கா, பத்து நிமிஷம் வந்து உட்காருங்க. கதவு திறந்ததும் போயிடலாம்."

"வர மாட்டேன்னா சொல்றேன் தம்பி? கதவைத் திறக்கிறதும் தீர்மானம்தானே? உடனே குலுக்கல் போடுவானே அந்த வாயிலோன். எனக்கு முட்டி வேற..."

"உங்க பேர் விழுந்தா நான் போறேன்க்கா."

"அதுக்கு விதியில இடமில்லையே. உன் பொண்டாட்டியே பதிவேட்டில எழுதி வச்ச விதிதானே? நீ போ, ஆள் சேர்ந்துடும். நாலு பேர் போறதை இப்பத்தான் ஜன்னல்ல பார்த்தேன்."

அடுத்தது பள்ளிக்கூடம். எட்வின் வாத்தியார் வாசலிலேயே மறித்தார்.

"நான் வந்தா வகுப்பை யார் பார்க்கிறது சற்குணம்? இன்னிக்குப் பாடம் வேற முக்கியமான பாடம்."

"என்ன பாடம் சார்?"

"மக்கள் பங்கேற்பு."

சற்குணம் அவர் சட்டையைப் பிடித்தான். வாத்தியார் சட்டையை விடுவித்துக்கொண்டு, கசங்கிய இடத்தை நீவிவிட்டார். ஆத்திரத்தில் இருக்கிறான், பாவம் என்று பிள்ளைகளிடம் பெருந்தன்மையாகச் சொன்னாராம்.

கெஞ்சியும் இழுத்தும் பதினோரு பேரைக் கூட்டிக்கொண்டு அவன் மன்றத்துக்குத் திரும்பினான். எண்ணிக்கை இருபத்தெட்டு. தமயந்திக்கு நான்கு நிமிஷம்.

ஊரே சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. அடுப்பைக் குறைத்துவிட்டுப் பூமாதேவியும் பார்த்தாள். பக்கத்தில் அவள் கணவர் ஞானமுத்து.

"இருபத்தெட்டு பேர் போயிட்டாங்க பாருங்க. இன்னும் ரெண்டே ரெண்டு பேருக்கு மனசு வரலை. என்ன ஜனமோ!" என்றாள்.

"பொறுப்பே கிடையாது" என்றார் ஞானமுத்து. அந்த வீட்டில் அவர்கள் இருவர்தான்.

கதவுக்கு அப்பாலிருந்து தட்டும் ஓசை கேட்டது. முதலில் வேகமாக. பிறகு விட்டு விட்டு. பிறகு மன்றத்தில் இருந்தவர்கள் தங்கள் மூச்சை மட்டும் கேட்டார்கள்.

சற்குணம் மூன்று நாள் கதவுக்கு முன்னாலேயே உட்கார்ந்திருந்தான். உடலை எடுக்கவாவது வாருங்கள் என்று மணியடித்தான். ஞாயிற்றுக்கிழமை முழுக்க எண்ணிக்கை எட்டைத் தாண்டவில்லை. 'எப்படியும் திங்கட்கிழமை இரங்கல் கூட்டம் இருக்கிறதே' என்றார்கள். இரங்கல் கூட்டத்துக்கான அறிவிப்பில் ஒரு வரியை மட்டும் தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள்: தீர்மானம் ஏதுமில்லை, குலுக்கல் கிடையாது.

ஊரே திரண்டு வந்தது. நடக்க முடியாதவர்களைச் சுமப்பானில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள். எட்வின் வாத்தியார் நான்கு பக்க உரை எழுதியிருந்தார். பூமாதேவி விசும்பிக்கொண்டே பக்கத்து வரிசையில் யார் அழவில்லை என்று பார்த்துவைத்தாள்.

வாத்தியார் தொண்டையைச் செருமினார். வாயிலோன் முந்திக்கொண்டது.

"மூச்சு நானூற்றுப் பதினொன்று. நிலுவையில் ஒரு தீர்மானம் உள்ளது. இடையறையில் நிற்பவருக்குக் கதவைத் திறப்பது. எதிர்ப்பவர் உண்டா?"

யாரும் வாய் திறக்கவில்லை.

"ஒருமனதாக நிறைவேறியது."

இடையறையில் காற்று சீறி நிறைந்தது. கதவு விலகியது. தமயந்தி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மடியில் திருகுசாவி. மன்றத்தில் தெரியும் எண்ணிக்கைதான் இடையறைச் சுவரிலும் தெரியும். அதைப் பார்த்துப் பார்த்து, சுவரில் படிந்த செந்தூசியில் விரலால் எழுதியிருந்தாள்: 17, 28, 28, 28.

சற்குணம் உள்ளே ஓடினான். உடையின் குழாய் கொக்கியில் மாட்டியிருந்தது. அதைக் கழற்ற முனைந்தான்.

"தீர்மானம் நிறைவேறியதால் இனி குலுக்கல்" என்றது வாயிலோன். "வேலை முடியும்வரை முப்பது பேர் இருக்க வேண்டும். குறைந்தால் தீர்மானம் செல்லாது. கதவு மூடி, இடையறைக் காற்று திரும்ப எடுக்கப்படும்."

"நாங்க தீர்மானத்துக்கு வரலை, இரங்கலுக்குத்தான் வந்தோம்!" என்று ஒரு குரல்.

"அதானே, அறிவிப்புல தெளிவா போட்டிருந்தாங்களே!"

பின்வரிசை முதலில் நகர்ந்தது. யாரும் ஓடவில்லை. சாவு வீட்டில் ஓடுவது மரியாதை இல்லை. முந்நூறு, இருநூறு, தொண்ணூறு. "ஒரு நிமிஷம் இருங்க, குழாய் வந்துடுச்சு, ஒரே நிமிஷம்" என்று சற்குணம் உள்ளிருந்து கத்தினான்.

"இன்னும் நாற்பது பேர் இருக்காங்க. நாம ரெண்டு பேர் போனா ஒண்ணும் குறைஞ்சிடாது" என்று ஞானமுத்து, பூமாதேவியின் முழங்கையைத் தொட்டார். அந்த நாற்பது பேரும் ஏறக்குறைய அதையேதான் பேசிக்கொண்டிருந்தார்கள்.

வீட்டில் செருப்பைக் கழற்றிவிட்டு அவள் சுவரைப் பார்த்தாள். எண்ணிக்கை இருபத்தொன்பது. கதவு சாத்தியிருந்தது. முன்பு கேட்ட மாதிரியே தட்டும் ஓசை.

"ஒரே ஒரு ஆள் நின்னிருக்கக் கூடாதா?" என்றாள். அந்த வருத்தத்தில் பொய் இல்லை. அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை.

மறுநாள் காலை வீடு வீடாக ஒரு மனு சுற்றுக்கு வந்தது. மூச்சை எண்ணும் விதி இரண்டு உயிர்களைக் குடித்துவிட்டது. மக்கள் நலன் கருதிப் பிரதிக்கையையே மீண்டும் கொண்டுவர வேண்டும் என்று எட்வின் வாத்தியார் எழுதியது. வீட்டை விட்டு இறங்க வேண்டியதில்லை, வாசலிலேயே கையெழுத்துப் போட்டால் போதும். பூமாதேவி முதல் ஆளாகப் போட்டாள். ஒரு மணி நேரத்தில் நானூற்றுப் பத்துக் கையெழுத்து சேர்ந்தது. புதுக்கரையில் இத்தனை பேர் பங்கெடுத்த பொதுக்காரியம் அதற்கு முன் நடந்ததில்லை.

விடுபட்டவர்கள் இரண்டே பேர்.