இருபத்தொன்றாவது சொல்

பட்டியலில் இருப்பது இருபது சொற்கள்தான். கண்ணாடிக்கு அப்பால், சத்தம் புகாத சின்ன அறைக்குள் ஹெட்போன் மாட்டி உட்கார்ந்திருந்த தையல்காரர், இருபதையும் திருப்பிச் சொல்லிவிட்டு இன்னொன்றும் சொன்னார்: "அப்பா."

செவிப் பரிசோதகர் பட்டியலை மறுபடி எண்ணிப் பார்த்தார். அந்தச் சொற்களைப் பேசிப் பதிந்து கொடுத்தவள் அவருடைய மகள், பத்து வயதில், விளையாட்டாக. அவள் போய் மூன்று வருடமாகிறது. காது கேட்காதென்று வருகிற ஊரார் எல்லோருக்கும் இன்னும் அவள்தான் 'வீடு', 'மழை', 'பந்து' என்று சொல்கிறாள், ஒவ்வொரு சொல்லும் முந்தியதைவிடக் கொஞ்சம் மெதுவாக.

"அந்தப் பாப்பா ஏன் சார் அழுகுது?" என்று கேட்டுவிட்டுத் தையல்காரர் கிளம்பினார்.

இதைக் கூட்டாளியான மைத்துனனிடம் எப்படிச் சொல்வது? அவன் ஏற்கெனவே எரிச்சலில் இருந்தான்.

"அத்தான், கம்ப்யூட்டர்ல இருக்கிற பழைய சிஸ்டத்தைக் கம்பெனியே கைகழுவிடுச்சு. வைரஸுக்குப் பயந்து ஆஸ்பத்திரில நம்ம ரிப்போர்ட்டையே திறக்க மாட்டேங்கிறாங்க. இன்னும் எத்தனை நாளைக்கு இழுத்தடிப்பீங்க?"

"மாத்தினா அந்த டெஸ்ட் புரோகிராம் ஓடாதுடா. பதிவை மட்டும் தனியா எடுத்துப் பார்த்தாச்சு, வெறும் இரைச்சல்தான் வருது. அவ குரலே போயிடும்."

மைத்துனனின் குரல் இறங்கியது. "அவளை விட்டுடுங்க அத்தான். பாவம்."

அதுதான் தைத்தது. அழுகிற பிள்ளையை இங்கே பிடித்து வைத்திருப்பது யார்? மைத்துனன் சாப்பிடப் போனதும் புதிய சிஸ்டத்துக்குச் 'சம்மதம்' என்று அழுத்தினார். அது ஏறி முடிக்கும்வரை பழையது ஓடும். கடைசியாக ஒருமுறை கேட்டுவிடலாமென்று பரிசோதனையை ஓடவிட்டு, உள்ளே போய்க் கனத்த கதவைச் சாத்தினார். ரப்பர் வாசனையும் யார் யாருடைய வியர்வையோ ஊறிய நாற்காலியும் தன் மூச்சின் சத்தமும் தவிர அங்கே எதுவுமில்லை. கண்ணாடி வழியே, திரையில் சதவீதம் நகர்ந்துகொண்டிருந்தது.

"வீடு."

"வீடு," என்றார். கண் நிறைந்தது. இருபதும் தேய்ந்து முடிந்தன.

"அப்பா, கேக்குதா?"

"கேக்குதும்மா."

"பயமா இருக்குப்பா. நிறுத்து."

பாய்ந்தார். கதவு அசையவில்லை. எண்பது. கண்ணாடியைக் குத்தினார். தொண்ணூறு.

"அப்பா, கேக்கு..."

நூறு.

ஹெட்போனைப் பிடுங்கி எறிந்தார். கத்தினார். அவர் கத்தியது அவருக்கே கேட்கவில்லை.

வெளியே, அவருடைய நாற்காலியில் மகள் உட்கார்ந்திருந்தாள். மைக்கின் முன்னால் உதடுகளை அசைத்தாள். காத்திருந்தாள். பிறகு கன்னத்தைத் துடைத்துக்கொண்டு, அவர் பெயர் எழுதிய தாளில், கேட்கவில்லை என்பதற்கான சிவப்புக் குறியைப் போட்டாள். மறுபடி உதடுகளை அசைத்தாள்.