உத்திர வீதியில் நாலு பேச்சு

மனித ஆயுளுக்கு விலை கிடையாது என்று சொல்கிறவர்கள் திருச்சிராப்பள்ளித் தென்னூரில் ஜட்கா பிடித்துப் பார்க்காதவர்கள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தேழில் அதன் விலை தினம் பத்தணா. ஸ்ரீரங்கம் போக வர எட்டணா. குதிரைக்குப் புல் என்று வண்டிக்காரன் கியாசுதீன் தலையைச் சொறிந்து வாங்கிக்கொள்வது இரண்டணா.

கொடுத்தவர் வீரராகவன். பெரிய கடைவீதியில் பித்தளைப் பாத்திரக் கடை. வயது நாற்பத்தொன்பது. மனைவி போய் எட்டு வருஷம். பகல் முழுக்கக் கடையில் நாற்பது பேர் அவரோடு வாயாடுவார்கள். வீட்டுக்கு வந்தால் பேசுவதற்குச் சுவர்க்கடிகாரம் ஒன்றுதான்... அதுவும் மணிக்கு ஒரு தடவை.

அந்த வருஷம் நீரிழிவும் வந்து சேர்ந்தது.

"தினம் ரெண்டரை மைல் நடக்கணும்," என்றார் லூர்து டாக்டர்.

"ஒண்ணே கால்னு முடிச்சுக்குவோம் டாக்டர். ரெண்டு பேருக்கும் நஷ்டமில்லாம."

"இது குடமில்லைங்க, உங்க காலு. நடக்கலேன்னா ஒரு நாள் விரல்ல சின்னதா ஒரு புண்ணு வரும். அது ஆறாது. அப்புறம் எடுக்கறது விரலா, காலான்னு நாங்க பேரம் பேசுவோம்."

அவர் முயற்சி செய்யாமல் இல்லை. மெட்ராசிலிருந்து ஒரு ஜோடி இரும்புக் குண்டு வரவழைத்து மூன்று நாள் தூக்கினார். நாலாம் நாளிலிருந்து அவை கொல்லைக் கதவு காற்றில் அடிக்காமல் முட்டுக் கொடுத்தன. தெருவில் நடந்து பார்த்தார். அதில் வேறு வில்லங்கம். ஒரு முதலாளி காரியமில்லாமல் கால்நடையாகப் போனால் கடைவீதியில் அதற்கு ஒரே அர்த்தம்தான்... கடை படுத்துவிட்டது. இரண்டாம் நாளே கும்பகோணத்துச் சரக்குக்காரர் ஓடிவந்து, "வியாபாரம் எப்படிங்க போகுது?" என்று துக்கம் விசாரிக்கிற குரலில் கேட்டார்.

அதனால்தான் ஸ்ரீரங்கம். அங்கே யார் நடந்தாலும் பக்தி என்று நினைத்துக்கொள்வார்கள்.

"நடக்கறதுக்கு வண்டி வெச்சுக்கிட்டுப் போற ஆளை இப்பத்தான் பார்க்கறேன் மொதலாளி," என்றான் கியாசுதீன், காவேரிப் பாலத்தில். "நீங்க உக்காந்திருக்கீங்க, குதிரை நடக்குது. அல்லா புண்ணியத்துல அதுக்குச் சக்கரையே வராது!"

ஐப்பசித் தூறல். மொட்டைக் கோபுரத்தைத் தாண்டி உள்ளே போய், தெற்கு உத்திர வீதியில் அவரை இறக்கிவிட்டான். இடப்பக்கம் ஒரு மாடு வழியை மறித்து நின்றது. அவர் அதட்டினார். அது அசைபோட்டது. பேரத்துக்குப் படியாத ஆசாமியிடம் நேரத்தைச் செலவழிக்க மாட்டான் வியாபாரி. வீரராகவன் வலப்பக்கம் திரும்பி நடந்தார்.

அவர் செய்த தப்பு அதுதான். ஸ்ரீரங்கத்தில் ஜனங்கள், ஜட்காக்கள், ஏன், அந்த மாடுகூடக் கோயிலை வலமாகத்தான் சுற்றும். இடமாகச் சுற்றுவது சாவுச் சடங்கில் மட்டும்...

கிழக்கு வீதி முனையில் ஒரு குடைக் கம்பி அவர் கண்ணாடியைத் தட்டிவிட்டது.

"கண்ணு தெரியலையா உங்களுக்கு?" என்றது குடை.

"கண்ணு தெரியுதுங்க. குடைக்குப் பின்னால யாருன்னுதான் தெரியலை."

குடை உயர்ந்தது. நாற்பதைத் தாண்டிய முகம். இமையோரத்தில் ஒரு மழைத்துளி, விழவா வேண்டாமா என்று தொங்கிக்கொண்டிருந்தது. யாரிடமும் கோபித்துக்கொள்ளக்கூட வாய்ப்பில்லாமல் வெகு நாள் சும்மா இருந்த கண்கள்... இன்றைக்கு வேலை கிடைத்த சந்தோஷத்தில் பளபளத்தன.

"அப்பிரதட்சணமா வரீங்க!"

"நான் கோயிலைச் சுத்தலீங்க. வியாதியைச் சுத்தறேன்."

"வியாதிக்காரங்களும் இந்த ஊர்ல வலமாத்தான் சுத்துவாங்க," என்று சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள்.

வழக்கம்போல் மூன்றாம் நாள் விட்டுவிடலாம் என்று நினைத்திருந்தவர் பாதி வீதி நடந்ததும் யோசித்தார். அவள் அந்தப் பக்கமாகப் போகிறாள். நான் இந்தப் பக்கமாக. அப்படியானால்... மேற்கு வீதியில் மறுபடி எதிரே வர வேண்டுமே?

வந்தாள். குடைக்குள் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு வந்தாள்.

அவள் மரகதவல்லி. பெண்கள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். பத்தொன்பது வயதில் பூவையும் பொட்டையும் இழந்து, தம்பி வீட்டில் ஒரு அறையில் இருபத்து நாலு வருஷமாக இருப்பவள். இதையெல்லாம் வீதி முனையில் பூக்கூடை வைத்திருக்கும் வெள்ளையம்மாள் அரை முழம் கதம்பம் வாங்கியதற்காக அவருக்கு இலவசமாகச் சொன்னாள்.

ஒரு சுற்றுக்கு இரண்டு தரம் எதிரெதிரே. தினம் இரண்டு சுற்று. ஆக நாளைக்கு நாலு பேச்சு. நின்று பேசினால் ஊர் பேசும். ஆகவே கடந்துபோகிற வேகத்தில் ஒரு வார்த்தை, அவ்வளவுதான். கிழக்கு வீதியில் கேள்வி, மேற்கு வீதியில் பதில்.

"என்ன வியாதி?"

"சக்கரைங்க. உங்களுக்கு?"

"முழங்கால். ரத்தக்கொதிப்பும்."

"நல்ல பொருத்தம்தான்."

இதற்குப் பதில் மறுநாள் காலைதான் வந்தது. "எது பொருத்தம்?"

எழுந்திருக்கவே மனமில்லாத காலைகள் உண்டு. பாதம் இரண்டும் மரத்துப்போய், உடம்பு ஈர மூட்டையாய்க் கனக்கும். இன்றைக்கு வேண்டாமே என்று போர்வையை இழுத்துக்கொள்வார். அப்புறம், நேற்று அவள் கேட்டதற்குப் பதில் சொல்லவில்லையே என்று ஞாபகம் வரும். வண்டி கட்டச் சொல்வார். நாலு மாதத்தில் இடுப்பு வேட்டி நாலு விரல் தளர்ந்தது. லூர்து டாக்டர் சோதனைக் குழாயைத் தூக்கிப் பார்த்து, "நீலம்! சக்கரையே இல்லை. எந்தப் புண்ணியவான் உங்களை நடக்க வெச்சான்?" என்றார். வீரராகவன் கூரையைப் பார்த்துக்கொண்டார்.

தை மாதம். மழை போய்விட்டது. அவள் குடை மட்டும் போகவில்லை. மடக்கின குடையை ஊன்றி ஊன்றித்தான் நடக்கிறாள் என்பதை அவர் கவனித்தார். சரக்கைத் தட்டிப் பார்த்தே எடை சொல்கிறவர் இதைக் கவனிக்காமல் இருப்பாரா? கருங்காலியில் ஒரு கைத்தடி, வெள்ளிப் பூண் போட்டு, செய்யச் சொன்னார். ஆசாரி சொன்ன விலையை அப்படியே கொடுத்தார். ஆயுளில் அவர் பேரம் பேசாமல் வாங்கிய முதல் சாமான் அது.

மேற்கு வீதியில் நீட்டினார்.

"இது என்னங்க?"

"குடையை எத்தனை நாளைக்கு ஊணுவீங்க... இது இருந்தா காலுக்குச் சுகமா இருக்கும்."

அவள் முகம் வெளுத்தது. இந்த வீதியில் ஒரு மனிதர் கண்ணுக்காவது நான் கிழவியாகத் தெரியவில்லை என்று... என்று நினைத்தேனே...

"நாலு மாசமா என் முகத்தைப் பார்க்கறீங்கன்னு நினைச்சேன். காலைத்தான் பார்த்தீங்களா?"

"ஐயையோ, அப்படியில்லைங்க..."

"போதும். நாளையிலேருந்து நீங்களும் ஊரோட ஊரா வலமாப் போங்க."

வலமாகப் போனார். அவருக்கும் ரோஷம் இருந்தது. முதல் நாள் போனபிறகுதான் அதன் கொடுமை புரிந்தது. அதே வீதி, அதே நேரம், அதே இரண்டு சுற்று. அவளும் எங்கேயோ ஒரு திருப்பத்துக்கு அப்பால் நடந்துகொண்டுதான் இருக்கிறாள். ஆனால் ஒரே திசையில் போகிற இருவருக்கு எதிரே யாரும் வருவதில்லை. பாலையும் தயிரையும் சுமந்துகொண்டு முன்னால் போகிறவர்களின் முதுகுகள்... முதுகுகள்... முதுகுகள்தான். மூன்று நாள் நடந்தார். நாலாம் நாள் கியாசுதீன் வாசலில் வந்து மணியடித்தபோது, "வேண்டாம், போய்ட்டு வா," என்றார்.

அப்புறம் பத்தொன்பது நாள். கடை, கட்டில், கடிகாரம். ராத்திரியில் நாக்கு வறண்டது. சொம்பு சொம்பாய்த் தண்ணீர் குடித்தார். லூர்து டாக்டர் சோதனைக் குழாயை அவர் கண்ணுக்கு நேரே பிடித்தார். செங்கல் நிறம்.

"காலை எடுக்கறதுன்னே முடிவு பண்ணிட்டீங்களா?"

"யாருக்காக டாக்டர் நடக்கறது?"

டாக்டர் மருந்துச் சீட்டில் பேனாவை வைத்தார். எடுத்தார். "அதை என்னால எழுதித் தர முடியாதுங்க," என்றார் மெதுவாக.

மறுநாள் பருவம் தப்பிய மாசித் தூறல். தெற்கு உத்திர வீதியில் இறங்கிய வீரராகவன் வேண்டுமென்றே வலப்பக்கம் திரும்பினார். ரோஷமாவது மண்ணாவது! எதிரே வந்தால் போதும். திட்டினாலும் சரி, குடையால் கண்ணாடியை உடைத்தாலும் சரி.

கிழக்கு வீதியில் அவள் இல்லை. மேற்கு வீதியிலும் இல்லை. இரண்டாம் சுற்றிலும் கிழக்கு வீதியில் யார் யாரோ வந்தார்கள், ஏற இறங்கப் பார்த்துவிட்டு விலகிப் போனார்கள். அவள் வரவில்லை. நடையை விட்டுவிட்டாளா? முழங்கால் மோசமாகிவிட்டதா? ரத்தக்கொதிப்புக்காரி... ஐயோ, வேறு ஏதாவது...? வடக்கு வீதித் திருப்பத்தில், மூடின கடைப் படியில் உட்கார்ந்துவிட்டார். சாரல் கண்ணாடியில் படிந்தது. துடைக்கத் தோன்றவில்லை.

முதுகுக்குப் பின்னால் செருப்புச் சத்தம். இழுத்து இழுத்து... நின்று... இழுத்து...

திரும்பினார். மரகதவல்லி. மூச்சு வாங்க நின்றாள்.

"நீங்க... பின்னாலேருந்து வரீங்களே!"

"ஆமா."

"அப்பிரதட்சணமாவா?"

"பத்தொன்பது நாளா."

"ஏங்க?"

அவள் மழையைப் பார்த்தாள். "உங்களை வலமாப் போகச் சொன்னது நான்தானே? மூணு நாள் உங்களைக் காணோம். நீங்க வலமா வந்துக்கிட்டிருப்பீங்க, அப்போ எதிர்ல பார்க்கணும்னா... நான்தானே திரும்பணும்?"

"நான் வரவே இல்லீங்களே!"

"அது எனக்கு எப்படித் தெரியும்? தினம் முழங்கால் வலிச்சுது. இன்னைக்கு நின்னுட்டா, ஒருவேளை நாளைக்கு நீங்க வரப்போ நான் வீதியில இருக்க மாட்டேனேன்னு நடந்தேன்."

வீரராகவன் கண்ணாடியைக் கழற்றி, வேட்டி நுனியால் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"ஊர்ல என்ன சொன்னாங்க?"

"மூளை பிசகிடுச்சுன்னாங்க. தம்பி பொண்டாட்டி எலுமிச்சம்பழம் தேய்ச்சுக் குளிக்கச் சொன்னா." சிரிக்கப் பார்த்தாள். உதடு ஒத்துழைக்கவில்லை. "இருபத்து நாலு வருஷம் நான் வீட்டுக்கு வரேனா இல்லையான்னு கேட்க ஆளில்லைங்க. கிழக்கு வீதியில ஒருத்தர் எனக்காக ஒரு பேச்சை வெச்சுக்கிட்டு வராருன்னு இருந்துச்சு. அதையும் நானே..."

"டீச்சர்." அவர் எழுந்து நின்றார். கடைவீதியில் கோடாலியாய்ப் பேசும் குரல் நூலாய் இறங்கிவிட்டது. "இனிமே எதிர்ல வர வேண்டாம். கூட வரீங்களா? இந்த வீதிக்கு மட்டும் இல்லீங்க... எங்க வீட்டுக்கும்."

"நான் விதவை."

"எட்டு வருஷமா நானும் அதேதாங்க. ஆம்பளையை அப்படிக் கூப்பிட மாட்டாங்க, அவ்வளவுதான் வித்தியாசம்."

தூறல் வலுத்தது. எதிரே வலமாக வந்த ஒரு கூட்டம் இருவரையும் உற்றுப் பார்த்தது. மரகதவல்லி நகரவில்லை. விரல்களை மடக்கி எண்ணத் தொடங்கினாள்.

"மூணும் பத்தொன்பதும் இருபத்திரண்டு நாள். நாளைக்கு நாலு. எண்பத்தெட்டு பேச்சு எனக்கு வர வேண்டியிருக்கு."

"இப்ப இவ்வளவு நேரம் பேசினேனே, அதெல்லாம்?"

"அதெல்லாம் விசாரணை. கணக்குல வராது."

"கடைசியா ஒண்ணு கேட்டேனே?"

அவள் குடையை விரித்து, பாதி அவர் தோளுக்கு மேல் வரும்படி பிடித்துக்கொண்டு, நடக்கத் தொடங்கினாள்.

"அதை வரவு வெச்சாச்சு," என்றாள். "பாக்கி எண்பத்தேழு."